"தன்னம்பிக்கை இல்லை"ன்னு நான் போட்ட 4 மார்க்: இன்டர்வியூ பேனலில் உட்காரும் முன் இதைப் படிங்க



இந்த வாரம் எஸ்ஐபி பற்றியும் இல்லை, பழைய வரி முறையா புதிய வரி முறையா என்பது பற்றியும் இல்லை. கொஞ்ச நாளா மனசுக்குள்ளே கிடந்து உறுத்துற ஒரு விஷயத்தை எழுதுறேன். இதிலும் பணக் கணக்கு இருக்கு. கடைசியில் நம்பர் போட்டே காட்டுறேன்.

நம்ம சேனல் பார்க்கிறவங்களில் நிறைய பேருக்கு 26, 28 வயசு இருக்கும். வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆகியிருக்கும். திடீர்னு ஒரு நாள் ஹெச்ஆர் கூப்பிட்டு, "நாளைக்கு இன்டர்வியூ பேனல்ல நீங்களும் உக்காருங்க"ன்னு சொல்லுவாங்க. எப்படிக் கேக்கணும், எப்படி மார்க் போடணும்னு யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நம்மை எப்படிக் கேட்டாங்களோ அதே மாதிரி நாமும் கேட்போம். நானும் அப்படித்தான் செய்தேன்.

அன்னைக்கு என்ன நடந்தது?

எனக்குச் சொந்த ஊர் வாடிப்பட்டி. ஆர்ட்டிக்கிள்ஷிப் முடித்து, சிஏ பாஸ் செய்து, மதுரையில் பிராக்டிஸ் தொடங்கி சில வருஷம் ஆகியிருந்தது. தேங்காய், கொப்பரை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கிளையன்ட். ஸ்டாக் ரிஜிஸ்டரும் பில்லும் பார்த்துக்கொள்ள ஒரு அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவைப்பட்டது. சம்பளம் 18,000 ரூபாய். "ஆடிட்டர் சார், நீங்களும் வந்து பாத்துச் சொல்லுங்க" என்று முதலாளி கூப்பிட்டார். நான், முதலாளி, அவருடைய மேனேஜர் என்று மூணு பேர். வந்தவர்கள் ஏழு பேர்.

ஐந்தாவதாக ஒரு பொண்ணு வந்தது. பி.காம். சிறுமலைப் பக்கம் பளியர் குடும்பம். வீட்டில் முதல் பட்டதாரி. அப்பாவும் கூட வந்து வாசலில் நின்றிருந்தார்.

நான் கேட்ட முதல் கேள்வி: "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்." பெயர் சொன்னது, ஊர் சொன்னது, படிப்பைச் சொன்னது. அதோடு நின்றுவிட்டது. நாங்கள் காத்திருந்தோம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் மூணு விநாடிகூடப் பொறுக்கவில்லை.

மேனேஜர் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "எஸ்டியா? பாத்தா தெரியலையேம்மா" என்றார். அடுத்து, "மலையில இருந்து டெய்லி எப்படி வருவ?" அதுக்கும் அடுத்து, "தேனெல்லாம் எடுப்பீங்களா?" அந்தப் பொண்ணு, "எங்கப்பா எடுப்பாரு சார்" என்றது. அவர் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன். கேலி செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த அறையில் சிரிக்காமல் இருந்தது ஒரே ஒருத்தர்தான்.

கடைசியாக நான் கேட்டேன்: "வெளிய இன்னும் ஆறு பேர் இருக்காங்க. அவங்கள விட்டுட்டு உன்ன எதுக்கு எடுக்கணும்?"

கொஞ்சம் யோசித்து, "அவங்களும் நல்லா செய்வாங்க சார்" என்றது.

மொத்தம் பத்து நிமிஷம். என் தாளில் "தன்னம்பிக்கை இல்லை" என்று எழுதி, பத்துக்கு நாலு போட்டேன். நன்றாகப் பேசிய இன்னொருவரை எடுத்தோம்.

ஒரு வருஷம் கழித்து

வேறொரு வேலையாக, வனப் பொருள் வாங்கி விற்கும் ஒரு மகளிர் குழுவின் கணக்கைப் பார்க்கப் போனேன். தேன், கடுக்காய், நெல்லிக்காய் எல்லாம் வாங்கி, காயவைத்து விற்கிறார்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் கூட்டல், அடுத்த பக்கத்தில் "முன்பக்கத் தொகை", திருத்திய இடமெல்லாம் கையெழுத்து. அதில் ஒரு தனி காலம் இருந்தது: "காய்ச்சல் குறைவு". கடுக்காய் ஈரத்தோடு வரும்போது எடை எவ்வளவு, காய்ந்த பிறகு எவ்வளவு என்று தேதிவாரியாக எழுதியிருந்தது.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீங்க. அந்தக் கொப்பரை கிளையன்டுக்கு ஒவ்வொரு மார்ச்சும் எனக்குத் தலைவலி இதுதான். தேங்காய் உலர்ந்து எடை குறையும். அதை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். வருஷக் கடைசியில் குடோனில் இருக்கும் சரக்குக்கும் புத்தகத்தில் இருக்கும் சரக்குக்கும் ஒத்துப்போகாது. திருட்டா, ஈரமா என்று தெரியாமல் நானும் முதலாளியும் முழிப்போம்.

"இந்தக் காலம் யார் போட்டது?" என்று கேட்டேன். அந்தப் பொண்ணுதான் வந்து நின்றது. "ஈரத்தோட வாங்குறோம் சார். காயக் காய எடை குறையும். எழுதலைன்னா பின்னாடி பாக்குறவங்களுக்குத் திருட்டுக் கணக்கு மாதிரி தெரியும்ல." அதுக்கப்புறம் கால் மணி நேரம் ரிஜிஸ்டரைப் பற்றி விடாமல் பேசியது.

கிளம்பும்போது மனசு கேட்காமல் கேட்டேன்: "அன்னைக்கு இன்டர்வியூல இவ்வளவும் ஏம்மா சொல்லல?"

"நீங்க யாருமே கணக்கப் பத்திக் கேக்கலையே சார்."

வண்டியில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அது குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னது. ஊரைக் கேட்டோம், சாதியைக் கேட்டோம், தேனைக் கேட்டோம், தன்னைத் தானே புகழச் சொன்னோம். கணக்கு வேலைக்கான இன்டர்வியூவில் கணக்கைத் தவிர எல்லாத்தையும் கேட்டோம்.

இது "மலையில் இருக்கிறவங்க" விஷயம் மட்டும்தானா?

தமிழ்நாட்டில் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்பின்படி 7,94,697 பேர். மக்கள் தொகையில் சுமார் 1.1 சதவீதம். அப்போது பட்டியலில் 36 சமூகங்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகமும் அதில் சேர்ந்தது.

மதுரைக்காரங்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. வாடிப்பட்டியில் நின்று வடக்கே பார்த்தால் தெரியுதே, அந்தச் சிறுமலையில் பளியர்கள் இருக்கிறார்கள். பேரையூர் தாலுகா சாப்டூர் மலைப் பக்கமும் இருக்கிறார்கள். வாடிப்பட்டியில் பஸ் ஏறி மதுரைக்குப் போகும்போது சமயநல்லூர், பரவை வருதில்லையா? பரவை சத்தியமூர்த்தி நகரில் காட்டுநாயக்கன் குடும்பங்கள் பிள்ளைகளின் எஸ்டி சான்றிதழுக்காகப் போராட்டம் நடத்தியதைச் செய்தியில் பார்த்திருப்பீங்க. அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து நாளைக்கு உங்க முன்னாடிதான் வந்து உட்காரப் போறாங்க.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்த வீடுகளில் இருந்தே வந்தவங்களாக இருக்கலாம். உங்களுக்கான பகுதி கீழே இருக்கு. நான் எழுதினதில் தப்பு இருந்தாலும் சொல்லுங்க.

நம்ம இன்டர்வியூ எதை அளக்குது?

அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களில் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தவர். போட்டி போடுவதையும் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு மட்டம் தட்டுவதையும் தவிர்ப்பது, ஒவ்வொருவரையும் சமமாக மதிப்பது, கொஞ்சமாகப் பேசுவது என்று அவர் எழுதியிருக்கிறார். இதைப் படித்த பிறகுதான் "அவங்களும் நல்லா செய்வாங்க சார்" என்ற பதில் எனக்கு வேறு மாதிரி கேட்டது. நான் அதைப் பயம் என்று எழுதினேன். அது மரியாதையாக இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அறுபது வருஷத்துக்கு முந்தைய ஆய்வை எடுத்துக்கொண்டு, "பளியர்னா பேச மாட்டாங்க" என்று முடிவு கட்டுவதும் தப்பு. அதே பொண்ணு ரிஜிஸ்டர் பற்றிக் கால் மணி நேரம் பேசியதே! பண்பாட்டைத் தெரிந்துகொள்வது நம்ம காதைத் திருத்திக்கொள்ளத்தான். அதை வைத்து எதிரில் இருக்கிறவரை எடை போடக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் டயானா ஈட்ஸ் என்ற மொழியியலாளர் பூர்வகுடி மக்களோடு பேச வேண்டிய வழக்கறிஞர்களுக்காக 1992-ல் ஒரு கையேடு எழுதினார். அதில் இருக்கும் இரண்டு விஷயம் நமக்கும் பொருந்தும். ஒன்று, கேள்விக்குப் பிறகு வரும் மௌனம் "பதில் தெரியாது" என்று அர்த்தமில்லை, யோசிப்பதாக இருக்கலாம். இரண்டு, அதிகாரத்தில் இருப்பவர் கேட்டால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் "ஆமா" என்று சொல்லிவிடுவது. நம்ம ஊரில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ஓகே சார்" என்று வருதே, அதேதான்.

"அப்போ தகுதியைக் குறைக்கச் சொல்றீங்களா?"

வீடியோ போட்டால் முதல் கமெண்ட் இதுதான் வரும். அதனால் இப்பவே பதில் சொல்லிடுறேன். இல்லை. தகுதியைச் சரியான தராசில் நிறுக்கச் சொல்றேன்.

மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு பெயர் கேள்விப்பட்டிருப்பீங்க. இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். 2017 ஜனவரியில் இவர்களை அமெரிக்காவின் புளோரிடாவுக்கு வரவழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கத்தான். கூடவே இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள். வேலையைத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே 13 மலைப்பாம்புகள். அதில் ஒன்று 16 அடி. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு "ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டிருந்தால், என்னைப் போன்ற ஒருவர் பத்துக்கு நாலு போட்டிருப்பார். புளோரிடாக்காரர்கள் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான்.

நம்ம நாட்டு நீதிமன்றமும் இதைப் பார்த்திருக்கிறது. 1980 நவம்பரில் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி சேர்க்கையில் 150 மார்க்கில் 50 மார்க் நேர்முகத் தேர்வுக்கு. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் என்பதும், கேட்டதெல்லாம் அப்பா யார், ஊர் எது என்பதும்தான் புகார். மொத்த மார்க்கில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்குவது நியாயமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அது காலேஜ் சேர்க்கை வழக்குதான். ஆனால் அப்பாவைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கேட்டதை வாசிக்கும்போது எனக்கு எங்க பேனல்தான் ஞாபகம் வந்தது.

2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு குரூப் சி பணிகளுக்கும், கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. டிஎன்பிஎஸ்சி குரூப் 2-லும் 2024 தேர்வில் இருந்து அது இல்லை. தனியார் கம்பெனியில் இன்டர்வியூ இருக்கத்தான் செய்யும். அதனால் அதை எப்படி நடத்தணும் என்று பார்க்கலாம்.

கூப்பிடும் முன்

நேரம். சிறுமலை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். ஆனால் பஸ்ஸில் வரணும்னா 18 கொண்டை ஊசி வளைவு இறங்கி, திண்டுக்கல் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். காலை 9 மணிக்கு இன்டர்வியூ வைத்தால் அவர் முந்தின நாளே கிளம்பணும். "எத்தனை மணிக்கு வந்தா வசதி?" என்று ஒரு போன் போதும்.

தகவல். என்ன வேலை, என்ன கேட்போம், எவ்வளவு நேரம், எந்த மொழியில் பேசலாம் என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்புங்க. ஐடி கம்பெனியில் அண்ணனோ அக்காவோ இருக்கிற வீட்டில் இதெல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே தெரிந்துவிடும். முதல் பட்டதாரிக்கு யார் சொல்வாங்க? எல்லா விண்ணப்பதாரருக்கும் அனுப்புங்க. ஒருத்தருக்கு மட்டும் என்றால் அது சலுகை. எல்லாருக்கும் என்றால் அது ஒழுங்கு.

சாதிச் சான்றிதழ். தனியார் வேலையில் சட்டப்படி இட ஒதுக்கீடு கிடையாது. அப்புறம் எதுக்கு அதை பேனல் பார்க்கணும்? உங்க கம்பெனியில் பழங்குடியினரை ஊக்குவிக்கிற திட்டம் இருந்தால் ஹெச்ஆர் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

கூட வந்தவர். நியூசிலாந்தில் பல அரசுத் துறைகளில் மாவோரி விண்ணப்பதாரர் தன் குடும்பத்தினரைத் துணைக்கு அழைத்து வரலாம், அவர்கள் உள்ளேயே உட்காரலாம். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வாசலில் நிற்கிற அப்பாவுக்கு ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணி. "அப்பாவோடயா வந்த?" என்ற நக்கல் வேண்டாம். அன்னைக்கு அந்தப் பெரியவர் முழு நேரமும் வெயிலில் நின்றார். எங்களில் ஒருத்தருக்கும் தோணல.

உள்ளே வந்த பிறகு

முதலில் வேலையைக் கொடுங்க, பிறகு பேசுங்க. நாங்கள் அடுத்த முறை ஆள் எடுத்தபோது இப்படிச் செய்தோம். 12 கொள்முதல் பில், 8 சரக்கு வெளியேறிய சீட்டு, ஆரம்ப இருப்பு. "இறுதி இருப்பு போடுங்க, தப்பு ஏதாவது தெரிந்தால் குறிச்சு வைங்க." ஒரு பில்லில் கூட்டல் தப்பு, இன்னொரு பில்லை இரண்டு தடவை வைத்திருந்தோம். நாற்பது நிமிஷம். அதன் பிறகு அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டே பேசினோம். பேசாத பிள்ளைகள்கூடத் தாளைக் காட்டி, "இது ரெண்டு தடவ வந்திருக்கு சார்" என்று பேச ஆரம்பித்தார்கள்.

எல்லோருக்கும் அதே ஐந்து கேள்வி. ஆளுக்கு ஒரு மாதிரி பேசிக்கொண்டே போகிற இன்டர்வியூவைவிட, கேள்வியையும் மார்க் முறையையும் முன்பே தீர்மானித்த இன்டர்வியூதான் வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது. ஆள் தேர்வு ஆய்வுகள் பல காலமாகச் சொல்வது இது. 2022-ல் பால் சாக்கெட் குழு பழைய ஆய்வுகளை மறுபடி அலசியபோதும் இந்த வகை இன்டர்வியூதான் முதலிடத்தில் வந்தது.

கேள்வியை மாற்றுங்க. நான் இப்போது மாற்றிக்கொண்டது இது:

"உங்களப் பத்திச் சொல்லுங்க" என்பதற்குப் பதில், "படிக்கும்போதோ வீட்டுலயோ நீங்க பாத்துக்கிட்ட கணக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"உங்களை எதுக்கு எடுக்கணும்?" என்பதற்குப் பதில், "இந்த வேலையில எது உங்களுக்குச் சுலபமா இருக்கும், எதைக் கத்துக்கணும்?"

"டெய்லி எப்படி வருவ?" என்பதற்குப் பதில், "வேலை நேரம் 9.30 முதல் 6 வரை. இது உங்களுக்குச் சரிவருமா?" ஏழு பேரிடமும் இதையே கேளுங்க.

"புரிஞ்சுதா?" என்பதற்குப் பதில், "நான் சொன்னதுல நீங்க முதல்ல எதைச் செய்வீங்க?"

பத்து எண்ணுங்க. கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்க. அதுவரை வாயைத் திறக்காதீங்க. சொல்றேன், ரொம்பக் கஷ்டம்!

வேலைக்குச் சம்பந்தமில்லாததை விடுங்க. "பாத்தா எஸ்டி மாதிரி தெரியலையே", "காட்டுல என்ன சாப்பிடுவீங்க", "இன்னும் வேட்டைக்குப் போறீங்களா" எல்லாம் இன்டர்வியூ கேள்வி இல்லை. ஒருவர் தன் சமூகத்துப் பழக்கவழக்கங்களோடு ஒத்துப்போகிறாரா என்று பார்ப்பதை மட்டும் வைத்து அவர் பழங்குடியா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விசாரணைக் குழுவுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், கொப்பரைக் கடை பேனலுக்கு என்ன அதிகாரம்? கூட இருப்பவர் கேட்டால் நீங்க தடுங்க. "சார், அத விடுங்க, நாம வேலையப் பத்திக் கேப்போம்" என்று சொன்னால் போதும். அன்னைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அதுதான். முதலாளி முன்னாடி எதுக்கு என்று சிரித்துவிட்டேன்.

"தன்னம்பிக்கை" காலத்தை அடியுங்க. மார்க் தாளில் அந்தச் சொல் இருந்தால், எதைப் பார்த்து அந்த மார்க் என்று எழுதச் சொல்லுங்க. எழுத முடியவில்லை என்றால், நம்மை மாதிரிப் பேசினார் என்பதற்குத்தான் அந்த மார்க்.

எடுத்த பிறகு

"எவ்வளவு எதிர்பாக்குறீங்க?" என்று கேட்காதீங்க. சந்தை நிலவரம் தெரியாதவர் குறைவாகத்தான் கேட்பார். அவர் பத்தாயிரம் என்றால் பத்தாயிரத்துக்கே முடித்துவிடும் கம்பெனிகளை நானே பார்த்திருக்கிறேன். வேலைக்கு இவ்வளவு என்று முன்பே முடிவு செய்து, அதை நீங்களே சொல்லிவிடுங்க. கையில் எவ்வளவு வரும், பிஎஃப் எவ்வளவு பிடிப்பாங்க, ஏன் பிடிக்கிறாங்க என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்க.

இன்னொன்று, ஹெச்ஆர்களே தப்பாகச் சொல்லும் விஷயம்: "எஸ்டின்னா வருமான வரி கிடையாது." 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(26) பிரிவு வடகிழக்கின் சில மாநிலங்கள், பகுதிகள், லடாக் போன்ற குறிப்பிட்ட இடங்களில் வசிக்கும் பழங்குடியினருக்கு, அங்கே கிடைக்கும் வருமானத்துக்குத்தான் விலக்கு தந்தது. தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவருக்கு அது பொருந்தாது. எல்லாருக்கும் உள்ள வரி விதிதான் அவருக்கும்.

நீங்கதான் எதிர் நாற்காலியில் என்றால்

கணக்கு நோட்டு, ப்ராஜெக்ட், டேலியில் செய்த வேலையின் பிரின்ட் என்று எதுவாக இருந்தாலும் கையோடு எடுத்துப் போங்க. "சார், நான் செஞ்ச வேலை இது, காட்டட்டுமா?" என்று கேளுங்க. பேச்சு வராத இடத்தில் தாள் பேசும். யோசிக்க நேரம் வேண்டும் என்றால் "ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு யோசிங்க. ஊர், சாதி பற்றித் துருவினால், "வேலைக்கு அது தேவைப்படுமா சார்?" என்று அமைதியாகக் கேட்கலாம். பதில் சொல்லியே ஆகணும் என்று கட்டாயம் இல்லை. ஒன்று மட்டும் மனசில் வைங்க: சில இன்டர்வியூக்களில் தோற்பது நீங்க இல்லை, கேட்டவங்க.

கடைசியாக, சொன்ன நம்பர்

அந்தப் பொண்ணுக்குக் குழுவில் கிடைத்தது மாதம் 7,000 ரூபாய். பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை. எங்க வேலையில் 18,000.

சம்பள வித்தியாசம் மாதம் 11,000. வருஷத்துக்கு 1,32,000 ரூபாய்.

அன்றைய விதிப்படி 15,000 ரூபாய் உச்சவரம்பில் முதலாளி பங்கு பிஎஃப் மாதம் 1,800. அதில் 1,250 பென்ஷன் கணக்குக்கு, 550 பிஎஃப் கணக்குக்கு. வருஷத்துக்கு 21,600 ரூபாய். பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன் கிடைக்கும். அந்தப் பத்து வருஷத்தில் முதல் வருஷம் போனது.

ஆக, ஒரு வருஷத்துக்கு மட்டும் 1,53,600 ரூபாய்.

இதுக்கு மேல் இஎஸ்ஐ. 18,000 சம்பளத்தில் தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம், மாதம் 135 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம், 585 ரூபாய். அந்த 135 ரூபாய்க்கு அந்தப் பொண்ணுக்கும், அதை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் மருத்துவம் கிடைத்திருக்கும். இதுக்கு என்னால் ரூபாயில் விலை போட முடியவில்லை.

இது அந்தப் பக்கக் கணக்கு. இந்தப் பக்கம், நாங்கள் எடுத்த ஆள் நாலு மாசத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பு இல்லை, நல்ல வாய்ப்பு வந்தது. அந்த மார்ச்சிலும் கொப்பரை இருப்பு ஒத்துப்போகவில்லை. நானும் முதலாளியும் மறுபடி குடோனில் நின்று முழித்தோம்.

அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அந்தக் குழுவுக்குப் போன் செய்தேன். "இந்தத் தடவ கணக்கு மட்டும்தான் கேப்போம்மா, வந்து பாரு" என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். பத்து எண்ணினேன்.

"வேணாம் சார். இங்க நான் இல்லாட்டி ரிஜிஸ்டர் எழுத ஆள் இல்ல. அந்தக் காலம் எப்படிப் போடுறதுன்னு வேணா உங்க ஆளுக்குச் சொல்லித் தர்றேன்."

சொல்லியும் தந்தது. போனிலேயே, இருபது நிமிஷம். இப்போது அந்தக் கொப்பரைக் கடை ரிஜிஸ்டரிலும் "காய்ச்சல் குறைவு" என்று ஒரு காலம் இருக்கிறது. இருபது நிமிஷத்துக்குக் கன்சல்டன்சி ஃபீஸ் கொடுக்கணும்னு முதலாளியிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் கொடுத்தார்.

அடுத்த வாரம் உங்களை பேனலில் உட்காரச் சொன்னால், உள்ளே போகும் முன் உங்க ஐந்து கேள்வியை ஒரு தாளில் எழுதிப் பாருங்க. அதில் எத்தனை கேள்வி வேலையைப் பற்றி, எத்தனை ஆளைப் பற்றி என்று எண்ணுங்க. எண்ணிக்கையைக் கமெண்டில் போடுங்க. என்னுடைய பழைய தாளில் வேலையைப் பற்றி இருந்தது பூஜ்யம்.

அடுத்த பதிவில் வழக்கம்போல வரிக் கணக்கோடு சந்திப்போம்.